எந்த விண்டோஸ் நமக்குப் போதும்? அக்குறணையின் வீடு, கடை, பாடசாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வரும் வணிக ஊர் அக்குறணை. ஊரில் ஒரு கடை, கொழும்பிலோ கண்டியிலோ ஒரு வியாபாரம், வளைகுடாவில் ஒரு வேலை என்று இம்மூன்றில் ஒன்றையாவது நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு அதிகம். மூன்றுக்கும் இன்று கணினி தேவைப்படுகிறது. 2020 மார்ச் இறுதியில் கொவிட் தொற்றினால் ஊர் முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது. அதன் பின் பாடங்களும் இணையத்துக்கு மாறின. அதுவரை கணினி இல்லாத பல வீடுகளுக்கும் மடிக்கணினி வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் கணினி வாங்கும் இடத்தில் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. பில்லில் ‘விண்டோஸ் 11’ என்று மட்டும் இருக்கும். அது ஹோமா, ஹோம் சிங்கிள் லேங்குவேஜா, புரோவா என்று பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. கேட்டால், “புரோதான் நல்லது, அதையே போட்டுத் தருகிறோம்” என்பார்கள். எதற்கு நல்லது, யாருக்கு நல்லது, போட்டுத் தரும் புரோ சட்டப்படியானதா என்ற கேள்விகள் அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் பதிப்புகளை வேறுபடுத்துவது வேகமோ தரமோ அல்ல, அனுமதி என்பதே என் முடிவு. ஒரே கட்டடத்தில் சில கதவுகளைத் திறந்தும் சிலவற்றைப் பூட்டியும் வெவ்வேறு விலைக்கு விற்கிறார்கள். பூட்டிய கதவு நம் அன்றாடப் பாதையில் இருந்தால் மட்டுமே கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு. அக்குறணையில் எந்தக் கதவுகள் அன்றாடப் பாதையில் வருகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிப்புகள் வந்த வழி

2001 ஒக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வெளியானது. அதற்கு முன் வீட்டுக்கு விண்டோஸ் 95, 98, மில்லேனியம் என்று ஒரு வரிசையும், அலுவலகத்துக்கு என்டி, 2000 என்று வேறொரு வரிசையும் இருந்தன. அவை உள்ளமைப்பிலேயே வேறு வேறு மென்பொருள்கள். எக்ஸ்பி இரண்டையும் ஒரே அடித்தளத்தில் கொண்டுவந்தது. அடித்தளம் ஒன்றான பிறகு, ஹோம், புரொஃபெஷனல் என்ற பிரிவை வசதிகளைப் பூட்டியே காப்பாற்ற வேண்டியதாயிற்று. எக்ஸ்பி ஹோமில் நிறுவன வலையமைப்பின் டொமைனில் சேர முடியாது. வேறிடத்திலிருந்து அதன் திரையைத் திறக்க முடியாது. கோப்புகளைக் குறியாக்கம் செய்ய முடியாது. அதில் பகிர்ந்து வைத்த கோப்புறையை ஒரே நேரத்தில் 5 கணினிகள்தான் அணுகலாம். புரொஃபெஷனலில் 10.

2004இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கென எக்ஸ்பி ஸ்டார்ட்டர் வந்தது. அடுத்த ஆண்டு அது இந்தியாவில் ஹிந்தியில் வெளியானது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் அதில் திறக்க முடியாது. ஏழை நாடுகளின் வாங்குநருக்குக் குறைந்த விலையும் குறைந்த வசதியும் என்ற கொள்கை வெளிப்படையாக அறிமுகமானது அதில்தான்.

2007இல் வந்த விஸ்டா பதிப்புகளை ஆறாக்கியது: ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட். குழப்பம் உச்சத்துக்குப் போனதும் அப்போதுதான். ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்ற ஒட்டுச்சீட்டுடன் விற்கப்பட்ட பல கணினிகளில் ஹோம் பேசிக் மட்டுமே ஒழுங்காக ஓடியது. விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரைத்தோற்றம் ஹோம் பேசிக்கில் இல்லை. அமெரிக்காவில் வாங்குநர்கள் அந்த ஆண்டிலேயே வழக்குத் தொடுத்தார்கள். பதிப்பின் பெயரைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பது வாங்குநருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு அந்த வழக்கு ஒரு பதிவு.

2009இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் நினைவகம் 2 ஜிபிக்கு மேல் ஏறாது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. ஹோம் பேசிக் வளர்முக நாடுகளில் மட்டும் விற்பனையானது. முழு மொழிப் பொதிகளை நிறுவும் அனுமதி என்டர்பிரைஸ், அல்டிமேட் பதிப்புகளுக்கே இருந்தது. தமிழ் அப்போது சிறிய இடைமுகப் பொதியாக வந்ததால் எந்தப் பதிப்பிலும் ஏற்ற முடிந்தது. 2012இல் விண்டோஸ் 8 அந்த மொழிப் பூட்டை மற்றப் பதிப்புகளிலிருந்து நீக்கியது. அதே வேளையில் சிங்கிள் லேங்குவேஜ் என்ற புதுப் பதிப்பில் அதை இறுக்கிப் போட்டது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10இலும், 2021 ஒக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11இலும் அதே கட்டமைப்புத் தொடர்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு போக்குத் தெரிகிறது. எத்தனை செயலி திறக்கலாம், பின்னணிப் படத்தை மாற்றலாமா என்பன போன்ற சின்னத்தனமான தடைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாதுகாப்பு, நிர்வாகம், மொழி ஆகிய மூன்றிலும் தடை நிலைத்துவிட்டது.

இன்று எவை கிடைக்கின்றன

ஒரு சாதாரண வாங்குநர் கண்டியிலோ அக்குறணையிலோ சந்திக்கக்கூடியவை ஹோம், ஹோம் சிங்கிள் லேங்குவேஜ், புரோ ஆகிய மூன்றுதான். எட்யூகேஷன் பதிப்பு கல்வி நிறுவனங்களுக்கும், என்டர்பிரைஸ் பெரிய நிறுவனங்களுக்கும் தொகுதி உரிமமாக விற்கப்படுகின்றன. என் என்ற எழுத்துடன் வருவது ஐரோப்பாவுக்கென ஊடக வசதிகள் நீக்கப்பட்ட பதிப்பு. எஸ் மோட் என்பது தனிப் பதிப்பு அல்ல. மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் செயலிகளை ஏற்றும் ஒரு நிலை அது. அதிலிருந்து பணம் கொடுக்காமல் வெளியேறலாம். திரும்பிப் போக முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் மலிவான மடிக்கணினிகளில் இது அவ்வப்போது இருக்கும். ‘ஒரு மென்பொருளும் ஏறவில்லை’ என்று பதறி போமட் செய்ய ஓட வேண்டியதில்லை.

எது வேறுபடவில்லை

வேறுபாடுகளுக்கு முன் ஒற்றுமைகளைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தவறான செலவு இங்கேதான் நடக்கிறது.

புரோ வேகமானதல்ல. ஒரே கணினியில் ஹோமும் புரோவும் ஒரே வேகத்தில்தான் ஓடும். ஹோம் 128 ஜிபி நினைவகம் வரை ஏற்கும், புரோ 2 டெராபைட் வரை ஏற்கும் என்பது உண்மை. 8 அல்லது 16 ஜிபி உள்ள மடிக்கணினிக்கு அந்த இரண்டு எல்லைகளும் தொலைதூரம்.

மாதாந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இரண்டுக்கும் ஒன்றே. டிஃபெண்டர் வைரஸ் தடுப்பு இரண்டிலும் இருக்கிறது. லினக்ஸ் கட்டளைச் சூழலை விண்டோஸுக்குள் ஓட்டும் வசதியும் ஹோமிலேயே கிடைக்கிறது. எனவே நிரலாக்கம் படிக்கும் மாணவர் அதற்காக மட்டும் புரோ வாங்கத் தேவையில்லை. கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி, விண்டோஸ் சாண்ட்பொக்ஸ் ஆகிய இரண்டும் ஹோமில் இல்லை, புரோவில் உண்டு. ஹைப்பர்-வி செய்யும் வேலையைச் செய்ய வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள் உண்டு.

பழைய கணினியைப் புரோ காப்பாற்றாது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். இந்த நிபந்தனை ஹோமுக்கும் புரோவுக்கும் ஒன்றுதான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று இரு பதிப்புகளுக்கும் ஒரே நாளில் முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டமும் இரண்டையும் சமமாகவே நடத்துகிறது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமித்தால் கட்டணமின்றி, இல்லாவிட்டால் 30 டொலர் செலுத்தி, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம்.

ஒவ்வொரு ஆண்டுப் புதுப்பிப்புக்கும் ஹோமும் புரோவும் 24 மாத ஆதரவு பெறுகின்றன. 36 மாதம் கிடைப்பது என்டர்பிரைஸுக்கும் எட்யூகேஷனுக்கும் மட்டும்.

மொழி என்ற பூட்டு

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய முதல் வேறுபாடு இதுவே. பிற நாட்டு ஒப்பீடுகளில் இதைக் காண்பது அரிது. தெற்காசியாவில் விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருப்பது ஹோம் சிங்கிள் லேங்குவேஜ். வசதிகளில் அது ஹோமேதான். ஒன்றே ஒன்று வேறு: திரையின் மொழி ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டு வந்த கணினியில் தமிழை இடைமுக மொழியாகச் சேர்க்கப் போனால், உரிமம் ஒரு மொழியையே அனுமதிக்கிறது என்ற அறிவிப்பு வரும்.

இதையும் தமிழில் தட்டச்சிடுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ் விசைப்பலகையை எந்தப் பதிப்பிலும் சேர்க்கலாம். 2019ஆம் ஆண்டின் மே புதுப்பிப்போடு விண்டோஸ் 10இல் ஒலிப்புமுறைத் தமிழ் விசைப்பலகை சேர்ந்தது. அதுவும் எல்லாப் பதிப்புகளுக்கும் பொது. நிர்மலா எழுத்துரு எல்லாவற்றிலும் உண்டு. விண்டோஸ் 2000 காலம் முதல் வந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10இலிருந்து தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தெரிவுக்குள் போய்விட்டது. பழைய ஆவணம் புதுக் கணினியில் அமைப்புக் குலைந்து தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பதிப்பை மாற்றத் தேவையில்லை. அந்த எழுத்துருத் தொகுதியை அமைப்புகளில் சென்று ஏற்றினால் போதும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிடும் அச்சகங்களுக்கும் ஹோம் போதுமானதே.

அப்படியானால் திரை மொழி யாருக்குத் தேவை? ஆங்கிலம் சரளமில்லாத கடைக் கணக்குப்பிள்ளைக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு பேசக் கணினியைத் திறக்கும் உம்மாவுக்கு, முதன்முதலாகக் கணினியைத் தொடும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச அலுவலகமொன்றில் தமிழில் விண்ணப்பம் நிரப்ப உரிமை பெற்ற ஒருவர், தான் காசு கொடுத்து வாங்கிய கணினியில் தமிழ்த் திரையைக் காணக் கூடுதல் உரிமம் வாங்க வேண்டியிருப்பது நியாயமல்ல. ஏனைய பூட்டுகளுக்கு வணிகக் காரணம் ஒன்றைச் சொல்லலாம். நிறுவனங்களுக்குப் பயன்படும் வசதிக்கு நிறுவனங்கள் அதிகம் கொடுக்கட்டும் என்ற வாதம் ஏற்கத்தக்கதே. தாய்மொழி நிறுவன வசதியல்ல. அது எந்தப் பதிப்பிலும் பூட்டப்படக் கூடாது.

கணினியோடு வரும் விண்டோஸின் உரிமச் சாவி விண்டோஸ் 8 காலம் முதல் தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகிறது. அதனால் போமட் செய்து மறுபடி ஏற்றினாலும், அமைப்பு தானாகவே அதே சிங்கிள் லேங்குவேஜ் பதிப்பைத் தெரிவு செய்யும். வாங்கிய பின் திருத்துவது கடினம். வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

குறியாக்கமும் பிங்கா ஓயாவும்

இரண்டாவது பெரிய வேறுபாடு குறியாக்கம். புரோவில் பிட்லொக்கர் என்ற முழுமையான கருவி இருக்கிறது. எந்த டிஸ்க்கைக் குறியாக்குவது, எந்தக் கடவுச்சொல், மீட்புச் சாவியை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கலாம். பென் டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும்கூடப் பூட்டலாம். ஹோமில் இருப்பது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற எளிய வடிவம். அடிப்படைத் தொழில்நுட்பம் ஒன்றே. ஆனால் கட்டுப்பாடு நம் கையில் குறைவு. தகுதியுள்ள கணினியில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் அது தானாகவே இயங்கத் தொடங்கி, 48 இலக்க மீட்புச் சாவியை அந்தக் கணக்கில் சேமித்துவிடும். 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 புதுப்பிப்பு வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தியதால், இப்போது வாங்கும் பல கணினிகளில் உரிமையாளர் அறியாமலே டிஸ்க் குறியாக்கப்பட்டிருக்கும்.

இது அக்குறணைக்கு ஏன் முக்கியம்? மழை வலுத்தால் பிங்கா ஓயா என்ற ஆறு கரை மீறி நகருக்குள் வரும். ஏ9 வீதி நீரில் மூழ்கும். கடைக்காரர்கள் சரக்கைத் தூக்கி மேலே வைக்க ஓடுவார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தையே சிதைத்ததையும் நாம் கண்டோம். வெள்ளத்தில் நனைந்த கணினியின் தாய்ப்பலகை செத்துப்போகும். பல நேரம் டிஸ்க் மட்டும் பிழைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் அதைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திக் கடன் கணக்கையும் சரக்குப் பட்டியலையும் மீட்டுவிடலாம். குறியாக்கப்பட்ட டிஸ்க்கில் அது நடக்காது. சாவியின் ஒரு பகுதி செத்துப்போன பலகையின் டிபிஎம் சில்லில் இருக்கிறது. வேறு பலகையில் பொருத்தினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் தரவு இல்லை. எந்தப் பழுதுபார்ப்பவராலும் திறக்க முடியாது.

ஆபத்து இங்கே இன்னொரு வழியாகவும் வருகிறது. புதுக் கணினியை ‘செட் பண்ணி’த் தரும் பையன் தன் மின்னஞ்சலைக் கொண்டோ, கடையின் பொது மின்னஞ்சலைக் கொண்டோ முதல் கணக்கைத் திறந்தால், மீட்புச் சாவி போய்ச் சேர்வது அந்தக் கணக்கில்தான். உரிமையாளருக்குத் தன் டிஸ்க்கின் சாவி வேறொருவரிடம் இருப்பதே தெரியாது. ஆகவே முதல் கணக்கை எப்போதும் உரிமையாளர் தன் மின்னஞ்சலில், தன் கையால் திறக்க வேண்டும். பின்பு மைக்ரோசொஃப்ட் கணக்கின் சாதனப் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி, மேட்டிலுள்ள வீடொன்றில் வைக்க வேண்டும். தரவின் பிரதியொன்றும் வெள்ளம் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

அதற்காகக் குறியாக்கமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கடைக் கணினியில் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், கடன் விபரம் இருக்கின்றன. மருந்தகம், மருத்துவ நிலையம், பயண முகவர் நிலையம் என்றால் நோய் விபரமும் கடவுச்சீட்டுப் பிரதியும்கூட இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கும் தொழில்நுட்ப வழிகளில் ஒன்றாகக் குறியாக்கத்தைக் குறிப்பிடுகிறது. அதன் முழு அமுலாக்கம் தள்ளிப் போடப்பட்டாலும், அது வரும் திசை தெளிவு. பிறர் தரவைக் கையாளும் தொழிலுக்குப் புரோ பதிப்பின் பிட்லொக்கர் உண்மையான தேவை. வீட்டு மடிக்கணினிக்கு ஹோமின் எளிய குறியாக்கம் போதும்.

தொலைவிலிருந்து திறத்தல்

கடை கொழும்பில், வீடு அக்குறணையில் என்று வாழ்பவருக்குக் கடைக் கணினியை வீட்டிலிருந்தே திறக்கும் வசதி பெரிய உதவி. ரிமோட் டெஸ்க்டொப் முறையில் திறக்கப்படும் கணினி புரோவாக இருக்க வேண்டும். திறக்கும் கணினி ஹோமாக இருந்தால் போதும். எனவே இரண்டு கணினிக்கும் புரோ வாங்க வேண்டாம். கடையிலிருப்பதற்கு மட்டும் போதும். ஓர் எச்சரிக்கையும் இதோடு சேர வேண்டும். ரவுட்டரில் வழி திறந்து ரிமோட் டெஸ்க்டொப்பை நேரடியாக இணையத்துக்கு விடுவது, கப்பம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்களுக்கு வாசலைக் காட்டுவதாகும். விபிஎன் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

வளைகுடாவிலிருக்கும் தகப்பன் பிள்ளையின் கணினியில் ஒரு கோளாறைத் திருத்திக் கொடுக்க வேண்டுமானால், இரண்டு பக்கமும் ஹோமே போதும். குயிக் அசிஸ்ட் என்ற கருவி எல்லாப் பதிப்புகளிலும் இருக்கிறது. உதவுபவர் தன் கணக்கில் நுழைந்து தரும் குறியீட்டை மறுபக்கத்தில் இட்டால் திரை திறக்கும். எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போன்றவையும் ஹோமில் இயங்குகின்றன. அறியாதவர் யாராவது தொலைபேசியில் அப்படியொரு குறியீட்டைத் தந்து நிரப்பச் சொன்னால் நிரப்பக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு கணினியில் விற்பனை மென்பொருளின் தரவை வைத்து மற்றக் கவுண்டர்கள் அதை அணுகும் முறை இங்குள்ள பெரிய கடைகளில் வழக்கம். இதற்குப் புரோ கட்டாயம் என்பது எக்ஸ்பி காலத்து எண்ணம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் ஹோம், புரோ இரண்டிலும் எல்லை 20 இணைப்புகள்.

பாடசாலை ஆய்வுகூடம்

அஸ்ஹர் தேசிய பாடசாலை, முஸ்லிம் பாலிகா போன்ற பெரிய பாடசாலைகளுக்கும் சுற்றுக் கிராமங்களின் சிறிய வித்தியாலயங்களுக்கும் கணினிகள் பல வழிகளில் வருகின்றன. கல்வித் திணைக்களம் கொடுப்பதும், பழைய மாணவர் சங்கம் வாங்கித் தருவதும், வெளிநாட்டிலுள்ளவர்கள் அனுப்புவதும் கலந்திருக்கும். ஆகவே ஒரே அறையில் நான்கு பதிப்புகள் இருக்க வாய்ப்புண்டு. அதை நிர்வகிக்கும் ஆசிரியரின் உழைப்பு அங்கேதான் வீணாகிறது.

நாற்பது பிள்ளைகள் மாறி மாறி அமரும் கணினிக்கு ஹோம் பொருந்தாது. குரூப் பொலிசி என்ற விதிக் கருவி ஹோமில் இல்லை. அமைப்புகளை மாற்றவிடாமல் தடுப்பது, பென் டிரைவைக் கட்டுப்படுத்துவது, புதுப்பிப்புகளைப் பரீட்சைக் காலம் முடியும்வரை தள்ளிவைப்பது எல்லாம் அதன் வழியாகவே எளிதாகும். ஹோமில் புதுப்பிப்பை ஐந்து வாரம் மட்டும் நிறுத்திவைக்கலாம். புரோவில் பெரிய புதுப்பிப்பை 365 நாள் வரை ஒத்திப்போடலாம். ஒரு செயலியை மட்டும் காட்டும் கியொஸ்க் முறை, பல மாணவர் பகிரும் கணினிக்கான முறை ஆகியனவும் புரோவிலிருந்து தொடங்குகின்றன. எட்யூகேஷன் பதிப்பில் இன்னொரு வசதி கூடுதலாக உண்டு. ஒவ்வொரு முறை நிறுத்தி இயக்கும்போதும் கணினியைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் எழுத்துத் தடுப்பு வடிகட்டி அது. பிள்ளைகள் என்ன மாற்றினாலும் மறுநாள் காலை ஆய்வுகூடம் சுத்தமாக இருக்கும்.

எட்யூகேஷனைத் தனிக் கடையில் வாங்க முடியாது. பாடசாலை என்ற முறையில் தொகுதி உரிமமாகக் கேட்க வேண்டும். ஒரு பாடசாலை தனியாகக் கேட்பதைவிட, வலயத்தின் பல பாடசாலைகள் சேர்ந்து கேட்பது பலன் தரும். கணினி அன்பளிப்புச் செய்ய விரும்பும் பழைய மாணவர்களும் எந்த உரிமத்தோடு வாங்குவது என்பதை அதிபரிடம் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

விலையும் போலிச் சாவியும்

அமெரிக்கப் பட்டியல் விலையில் ஹோம் 139 டொலர், புரோ 199.99 டொலர். ஹோமிலிருந்து புரோவுக்கு உயர்த்த 99 டொலர். டொலர் 300 ரூபா அளவில் நிற்கும்போது அந்த உயர்வு மட்டும் ஏறத்தாழ 30,000 ரூபா. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிய நாட்டில், இது ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. இந்த இடைவெளியில்தான் களவுப் பிரதி நுழைகிறது.

இலவசமாகப் போட்டுத் தரப்படும் விண்டோஸ் பெரும்பாலும் புரோவாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. புரோ, எட்யூகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளை நிறுவனங்கள் தங்கள் சொந்த சேர்வர் மூலம் 180 நாள் தவணையில் செயற்படுத்தும் முறை இருக்கிறது. அந்த சேர்வரைப் போல நடிக்கும் மென்பொருளையே ‘ஆக்டிவேட்டர்’ என்று ஏற்றுகிறார்கள். அதை ஓடவிட முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். முழு அதிகாரத்தோடு ஓடும் அந்த மென்பொருளுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதை ஏற்றுபவரும் அறியார். கடைக் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும் கணினியில் அதை ஏற்றுவது, பாதுகாப்புக்காகப் புரோவைத் தேடிப்போய்ப் பாதுகாப்பை முற்றாக இழப்பதாகும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட.

இதில் மிகவும் வருந்தத்தக்கது வேறொன்று. மடிக்கணினியின் விலைக்குள்ளேயே அசல் ஹோம் உரிமம் ஒன்று அடங்கியிருக்கும். அதை அழித்துவிட்டு அதன் மேல் களவுப் புரோவை ஏற்றுகிறார்கள். பணம் கொடுத்த அசலை விட்டுவிட்டு, பயன்படுத்தாத வசதிகளுக்காகப் போலியை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். தாய்ப்பலகையில் பதிந்த சாவி அழிவதில்லை. சுத்தமாக ஹோமை மறுபடி ஏற்றினால் அது தானாகவே செயற்படும்.

பதிப்புப் பிரிவு இல்லாத வழி

பதிப்புப் பூட்டே இல்லாத இயங்குதளங்களும் இருக்கின்றன. மெக் கணினிகளின் இயங்குதளம் எல்லோருக்கும் ஒரே பதிப்பு. 2013 முதல் மேம்படுத்தல் இலவசம். உபுண்டு லினக்ஸில் குறியாக்கமும் தொலைத்திரையும் மொழித் தெரிவும் எல்லோருக்கும் திறந்தவை. 2024 ஏப்ரலில் வந்த அதன் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. தனிநபர் ஐந்து கணினிகள் வரை அதைப் பத்து ஆண்டுகளாக இலவசமாக நீட்டிக்கொள்ளலாம். நம் கண்டியின் ஹந்தானை மலையின் பெயரிலேயே ஹந்தான லினக்ஸ் என்ற இலங்கை வெளியீடு ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவானது. இந்த மண்ணின் மொழிகளைக் கருத்தில் கொண்டு இயங்குதளம் ஒன்றை நாமே தொகுக்க முடியும் என்பதை அது காட்டியது.

விண்டோஸ் 11 ஏறாத, டிஸ்க்கும் நினைவகமும் நல்லபடி உள்ள பழைய கணினிக்கு லினக்ஸ் சிறந்த வழி. பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். அதேவேளை, இங்குள்ள கணக்கு மென்பொருள்கள், விற்பனை மென்பொருள்கள், பாமினி சார்ந்த அச்சுவேலை ஆகியவற்றில் பெரும்பகுதி விண்டோஸை நம்பியே இருக்கிறது. அவற்றை நடத்தும் கடைக்கு உடனே மாறச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது.

முடிவும் வேண்டுகோளும்

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தீர்ப்பு எளிது. படிப்பு, இணையம், தட்டச்சு, வெளிநாட்டு உறவோடு பேச்சு என்று நடக்கும் வீட்டுக்கு ஹோம் போதும். தமிழ்த் திரை வேண்டுமென்றால் சிங்கிள் லேங்குவேஜைத் தவிர்க்க வேண்டும். தனியொரு கவுண்டர் உள்ள சிறு கடைக்கும் ஹோம் போதும். பிறர் தரவை வைத்திருக்கும் தொழிலுக்கும், தொலைவிலிருந்து திறக்க வேண்டிய கடைக் கணினிக்கும் புரோ வேண்டும். அதுவும் அசல் புரோ. பாடசாலைக்கு எட்யூகேஷன் அல்லது புரோ. பழைய கணினிகளுக்கு லினக்ஸ்.

விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பில்லில் பதிப்பின் முழுப் பெயரை எழுதிக் கொடுங்கள். முதல் கணக்கை வாங்குநரின் கையால் திறக்கவிடுங்கள். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்திடம் நம் பாடசாலைகளும் வணிகர் சங்கங்களும் கேட்க வேண்டியது ஒன்று: இலங்கையில் விற்கும் கணினிகளில் தமிழையும் சிங்களத்தையும் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிடுங்கள்.

வாசகரே, இன்றே உங்கள் கணினியில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதன் கீழ் அபௌட் என்ற பக்கத்தைத் திறந்து உங்கள் பதிப்பின் பெயரைப் பாருங்கள். பிறகு உங்கள் மீட்புச் சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று தேடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அது உங்கள் கையில் இருக்கட்டும்.